மஞ்சப்பையைக் கொடுத்தனுப்பிய அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மதுரையில் எங்கள் ஆறு பேர் சந்திப்பு நல்லபடியாக நடந்தது. ஆறு வருடமாக ஒருவர் எழுதி அனுப்பியதை இன்னொருவர் போன் திரையில் வாசித்து, திருத்தி, சண்டை போட்டு, சமாதானமாகி, ஒருமுறைகூட நேரில் முகம் பார்க்காத ஆறு பேர். வந்த ஐந்து பேருக்கும் அங்கேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் முதலில் அங்கே வராதவர்களுக்கு. அவர்கள் இல்லையென்றால் அன்றைக்கு நான் சாத்தூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருக்க மாட்டேன்.

முதலில் எதிர்வீட்டு மதினி. என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதம் ஆகிறது. கைத்தாங்கலாகப் பிடித்தால்தான் எழுந்து உட்காருவார். மதினி காலை ஐந்தரைக்கே தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்து, "நீங்க கிளம்புங்க மதினி, அத்தைய நான் பாத்துக்கிறேன்" என்று என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். ராத்திரி நான் திரும்பியபோது மாமியார் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய திருநீறு பூசி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "நீ வாரா வாரம் மதுரைக்குப் போயிட்டு வா" என்றார். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. மதினி, நன்றி.

அடுத்து என் வீட்டுக்காரர். "போன்ல பழகினவங்கள நம்பி வெளியூர் போறதா" என்று மூன்று மாதம் முனகிக்கொண்டே இருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் பேப்பர் படிக்கிறவள்தான். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், ஒரு கேள்வியைத் தவிர. "அவங்கதான் இவங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?" தெரியாது. முகம் தெரியாது, குரல் தெரியாது. எழுத்து மட்டும்தான் தெரியும். அப்படியும் காலையில் வண்டியை எடுத்து, பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, பைபாஸில் போகிற பஸ் எது, ஊருக்குள் வருகிற பஸ் எது என்று விசாரித்து, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். அன்றைக்கு அவரிடமிருந்து மட்டும் பதினொரு போன். அதற்கும் சேர்த்தே நன்றி.

இனி மஞ்சப்பை.

சாத்தூர் என்றால் எல்லாருக்கும் சேவுதான் நினைவுக்கு வரும். தீப்பெட்டியும் வரும். நானே ஒரு தீப்பெட்டி ஆபீஸில்தான் கணக்கு எழுதுகிறேன். ஆனால் ஒரு காலத்தில் எங்கள் ஊருக்குப் பேனா நிப்பும் பெயர் வாங்கிக் கொடுத்தது. என் அப்பா நிப்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். எஃகுத் தகட்டிலிருந்து வெட்டி, வளைத்து, நடுவில் கீறல் போட்டு, நுனியைத் தேய்த்து வரும் நிப்பை ராத்திரி விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். கீறலுக்குள் மயிரிழை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் நல்ல நிப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் தம்பியும் எண்ணிப் போடுவோம். 144 எண்ணினால் ஒரு குரோஸ். பால் பாயிண்ட் வந்தது, பட்டறைகள் ஒவ்வொன்றாகச் சாத்தின. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலமும் அவருடைய மைப்பேனாவும் மட்டும் மிச்சம். நண்பர்களுக்கு ஆளுக்கொரு நிப்புக் கொடுக்கலாம் என்று அதை எடுத்து, ஒரு கிலோ சேவோடு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

திருமங்கலம் வருவதற்குள் பஸ் டயர் பஞ்சர். எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தேன். அடுத்த பஸ் வந்ததும் அடித்துப் பிடித்து ஏறினேன். பை பெஞ்சிலேயே இருந்துவிட்டது. எனக்கு அது தெரியவே தெரியாது. மாட்டுத்தாவணியில் இறங்கும்போது போன் அடித்தது. "அம்மா, திருமங்கலம் டீக்கடைலருந்து பேசுறேன். ஒங்க பை இங்க இருக்கு. நோட்டுல நம்பர் இருந்துச்சு. திருநெல்வேலி வண்டில கண்டக்டர்ட்ட குடுத்துவிட்டுட்டேன், வண்டி நம்பர் எழுதிக்கங்க."

சேவை எடுத்துக்கொண்டிருந்தால்கூட நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். அப்பாவின் நிப்புகள் அதற்குள் இருப்பது அந்த அண்ணனுக்குத் தெரியாது. அவருக்கு அது வெறும் மஞ்சப்பை. அதற்காக அடுப்பை விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்து, ஓடுகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தியிருக்கிறார். அந்தக் கண்டக்டரும் அப்படித்தான். மாட்டுத்தாவணியில் பையை நீட்டியபோது ஐம்பது ரூபாயை எடுத்தேன். "சேவு வாசனைய மோந்துக்கிட்டே வந்ததுக்கு நாந்தான் காசு தரணும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். பேர் கேட்கத் தோன்றவில்லை. அண்ணன்மாரே, உங்கள் இருவருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பை வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றதும் கோயம்புத்தூர்த் தங்கச்சிக்குப் போன் செய்தேன். அவள் விடியற்காலையே ஆரப்பாளையத்தில் வந்து இறங்கி, மதுரை அக்கா வீட்டில் இருந்தாள். அக்காவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிளாட்பாரத்தில் அவ்வளவு கூட்டத்தில் நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா தானுங்களே?"

எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். "ஒவ்வொரு பஸ் நம்பரையும் உதட்ட அசைச்சு அசைச்சு வாசிச்சிட்டு நின்னீங்க. உங்க கதைல வர்ற கணக்கம்மாவேதானுங்க" என்றாள். அந்தக் கணக்கம்மா நான் இல்லை என்று ஆறு வருடமாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். போச்சு.

சந்திப்பை முதலில் ஓர் இடத்தில் சின்ன அறை எடுத்து நடத்துவதாக இருந்தது. முன்பணமும் வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் முன்னால் வேறு விசேஷம் வந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். பணம் இன்னும் வரவில்லை. சரி, அதை விடுங்கள். மதுரை அக்காதான் காந்தி மியூசியத்துக்கு வாங்க, மரத்தடியில் உட்காரலாம் என்றார். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை அது. 1959-இல் நேரு வந்து திறந்துவைத்தார். உள்ளே போக டிக்கெட் கிடையாது. ஏசி அறையில் நாற்காலி போட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தால் நாங்கள் இவ்வளவு பேசியிருக்க மாட்டோம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. கைவிரித்தவர்களுக்கும் ஒருவகையில் நன்றி, முன்பணத்தைத் திருப்பித் தந்தால் முழு நன்றி.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. அதில் 'பழசாறு' என்று எழுதியிருந்தது. வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, ஒல்லியான ஒரு பெரியவர் அதன் முன்னால் நின்று, "ச் போச்சே, ச் போச்சே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஸ்கூட்டரிலிருந்து இறங்கி நேராகப் போய், "ஒற்று ஐயா, வணக்கம்" என்றேன். வேறு யாராக இருக்க முடியும்? நாங்கள் எதை எழுதிப் போட்டாலும் கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் 'மூன்றாம் பத்தியில் வலி மிகும்' என்று ஆரம்பிக்கிற மனிதர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நேரிலும் பிரம்போடு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தலையில் கை வைத்து, "வந்துட்டியா மக்ளே, பை கிட்டிச்சா?" என்றார். பச்சை நாகர்கோவில் பேச்சு. அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை ஒற்று விட்டுப்போனது என்று நான் எண்ணவில்லை.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்த சென்னைத் தம்பி, போனில் எல்லாரையும் கலாய்க்கிறவன், மத்தியானம் வரை வாயே திறக்கவில்லை. தஞ்சாவூர் அண்ணன் அறுவடை நேரத்திலும் ஒரு நாள் ஒதுக்கி வந்திருந்தார். முதல் அரை மணி நேரம் எல்லாருமே சம்பந்தி வீட்டார் மாதிரி "சாப்பிட்டீங்களா", "பஸ்ல கூட்டமா" என்று பேசிக்கொண்டிருந்தோம். எழுத்தில் அழுது, கோபப்பட்டு, குடும்ப ரகசியம் எல்லாம் சொன்னவர்கள் நேரில் எதைப் பேசுவது என்று தெரியாமல் சேவைக் கொறித்தோம்.

நிப்பை எடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. மைப்பேனாவுக்கு மை வேண்டுமே. அதை மதுரை அக்கா முந்தின நாளே மூன்று கடை ஏறி இறங்கித் தேடியிருக்கிறார். மூன்றாவது கடைக்காரர் பரணில் ஏணி வைத்து ஏறி, தூசி படிந்த ஒரு நீல மைப் புட்டியை எடுத்துத் துடைத்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடைக்காரருக்கும் நன்றி. மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் தஞ்சாவூர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மை ஊற்றும்போது என் விரலெல்லாம் நீலம். யோசிக்காமல் தலைமுடியில் துடைத்துக்கொண்டேன், நாலாங்கிளாஸில் செய்த மாதிரியே. அதைப் பார்த்துத்தான் சென்னைத் தம்பி முதன்முதலாகச் சிரித்தான்.

அவரவர் எழுதியதில் பிடித்த ஒரு வரியை எழுதுவோம் என்றேன். பேனாவை வாங்கிய தஞ்சாவூர் அண்ணன் யோசித்தார், யோசித்தார், "எனக்கு என்னோடது ஒண்ணுமே ஞாபகம் வல்லியே" என்றார். எனக்கும் வரவில்லை. ஆனால் அவருடைய வரி எனக்குத் தெரிந்தது, தங்கச்சியின் வரி அவருக்குத் தெரிந்தது. அப்புறம் ஒருவர் வரியை இன்னொருவர் எழுதினோம்.

அந்தக் காகிதம் இப்போது என் முன்னால் இருக்கிறது. ஆறு வருடம் எழுத்தால் மட்டுமே பழகியவர்கள், ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் பார்த்ததே இல்லை! போனில் எல்லாருக்கும் ஒரே எழுத்துரு. தஞ்சாவூர் அண்ணனின் எழுத்து வரப்பு வெட்டின மாதிரி நேர். தம்பி நிப்பைத் திருப்பிப் பிடித்து அழுத்தி, ஒரு நிப்பைப் பிளந்தே விட்டான். தங்கச்சி 'மஞ்சள்' என்று எழுதப்போய் நடுவில் நிறுத்தி, "ஞ எந்தப் பக்கமுங்க வளையும்?" என்று கேட்டாள். கதையாகவும் கட்டுரையாகவும் பக்கம் பக்கமாக எழுதியவள். பேனா பிடித்துத் தமிழ் எழுதிப் பல வருடம் ஆயிற்றாம்.

ஒற்று ஐயா என் வரியை எழுதினார். 'பாட்டி செத்த அன்றைக்கும் காலை ஐந்து மணிக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது.' புள்ளிகள் காகிதத்தில் ஓட்டை போடும் அளவுக்கு அழுத்தமாக இருந்தன. அதை எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது 'காலை'யில் இருந்த லை. முன்னால் ஐகாரக் கொம்பு இல்லை. ல-வின் தலையில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி. எங்கள் அப்பா எழுதும் லை. 1978-இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் சிலவற்றை ஏற்று ஆணையிட்டபோதுதான் அந்த லை, ளை, ணை, னை எல்லாம் கொம்புக்கு மாறின. ஐயா அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. "போர்டுல புதுசு எழுதிப் படிப்பிச்சேன் மக்ளே. கடுதாசி எழுதுனா கை பழசத்தான் எழுதும்" என்றார். போனில் அவர் ஆறு வருடமாக எழுதிய அத்தனை லையும் எங்களுக்குக் கொம்போடுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

சாப்பிட்டுவிட்டு மியூசியம் உள்ளே போனோம். காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த, ரத்தக் கறை படிந்த துணி கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அதன் முன்னால் யாரும் எதுவும் பேசவில்லை. வெளியே வரும்போது ஐயா மட்டும், தன் கையெழுத்து மோசம் என்று காந்தியே வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார் என்று சொல்லித் தம்பியின் முதுகில் தட்டினார்.

சாயங்காலம் ஜிகர்தண்டா குடித்துவிட்டுப் பிரிந்தோம். ஐயா, தஞ்சாவூர் அண்ணன், மதுரை அக்கா, தங்கச்சி, தம்பி, உங்களுக்கும் இன்னொருமுறை நன்றி. நிப்புகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு வேறொன்று தபாலில் வரும்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் காகிதத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். எது யாருடையது என்று கேட்டார். சொன்னேன். 'காலை'யில் விரலை வைத்து, "இது மாமா எழுத்து மாதிரி இருக்கே" என்றார். அடுத்த முறை நாகர்கோவில் என்றால் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

திருமங்கலம் டீக்கடை அண்ணனுக்கு நேற்று அரைக் கிலோ சேவு பொட்டலம் கட்டி, மதுரை போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். வண்டி நம்பரையும் போனில் சொல்லிவிட்டேன். பொட்டலம் வந்து சேர்ந்ததா என்று அவரிடமிருந்து இன்னும் தகவல் இல்லை.

இப்படிக்கு,
சாத்தூர் கணக்கம்மா