பரதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நடன ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இருபது வருடங்களுக்கு மேலாக நானும் உங்களைப் போலத் தட்டுக்கழியோடு உட்கார்ந்து பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுப்பவள்தான். நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிட்டு உங்களிடம் சிலவற்றைக் கேட்க வேண்டும்.

அரங்கேற்றத்துக்கு ஏழு மாதம் இருந்தது. ஆடை தைப்பவர் வகுப்புக்கே வந்து என் மாணவி ஒருத்திக்கு அளவெடுத்தார். இடுப்பளவை அவர் சத்தமாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டே, "ரெண்டு இன்ச் குறைச்சிடும்மா, அப்பதான் விசிறி மடிப்பு அழகா விரியும்" என்றேன். சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

முதலில் சோற்றை விட்டாள். அப்புறம் எண்ணெய், இனிப்பு. கடைசியில் ஒரு இட்லி பாதியானது. வகுப்பு முடிந்து மற்றவர்கள் இடுப்பில் கட்டிய துப்பட்டாவை அவிழ்த்த பிறகும், தட்டடவை மூன்று வேகத்திலும் ஆடிக்கொண்டே இருப்பாள். என்ன உழைப்பு என்று அவள் அம்மாவிடம் நானே பெருமையாகச் சொன்னேன். சித்திரை வெயிலிலும் அவள் விரல்கள் சில்லென்று இருந்தன, ஜடை மெலிந்திருந்தது. எல்லாம் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. அலாரிப்பின் நடுவில் மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவரிடம் போனோம். மாதவிடாய் நின்று மூன்று மாதமாகியிருந்தது. அனோரெக்ஸியா நெர்வோசா என்றார், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய். மனநோய்களில் அதிகமாக உயிரைப் பறிப்பவற்றில் இதுவும் ஒன்று என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஒருவர் சொன்ன ஒரு வார்த்தையால் மட்டும் இந்த நோய் வந்துவிடாது, பரம்பரை, சுபாவம், சூழல் எல்லாம் சேர வேண்டும் என்று அந்த மருத்துவரே என்னிடம் சொன்னார். இருந்தாலும் அந்த ரெண்டு இன்ச் எனக்கு மறக்கவில்லை.

ஆட்டத்தை உடனே நிறுத்தினார்கள். எடை ஏறி, நாடித்துடிப்பு சீராகி, மருத்துவர் சரி என்ற பிறகுதான் டான்ஸ் மூவ்மெண்ட் தெரபி, அதாவது உடல் அசைவு வழியாக மனதுக்குச் செய்யும் சிகிச்சை, தொடங்கியது. நம் வகுப்பைப் போல ஏதோ ஒன்று என்றுதான் நான் நினைத்தேன், அப்படி இல்லை. 1942இல் வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர், பேச்சால் நெருங்க முடியாத நோயாளிகளை அவர்களுடைய அசைவைத் தானும் அசைந்து நெருங்கினார். அந்த வழியில் வளர்ந்த சிகிச்சை இது. நம் நாட்டிலும் திரிபுரா காஷ்யப் போன்ற நடன சிகிச்சையாளர்கள் பல வருடமாகச் செய்துவருகிறார்கள்.

அவள் சம்மதத்தோடு சில நாள் நானும் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். தாளமும் முத்திரையும் கிடையாது. "இப்ப உன் பாதத்தில எந்த இடம் தரையைத் தொடுது?" என்று தெரபிஸ்ட் கேட்டார். பத்து வருடம் தரையைத் தட்டி ஆடியவளுக்குப் பதில் தெரியவில்லை. இன்னொரு நாள் ஒரு கயிற்றைக் கொடுத்து, உன் இடுப்புச் சுற்றளவு எவ்வளவோ அந்த அளவுக்கு வட்டமாகப் போடு என்றார். போட்டாள். பிறகு அதே கயிற்றை இடுப்பில் சுற்றிப் பார்த்தால், இன்னொரு பாதிச் சுற்றுக்குக் கயிறு மிச்சம். அந்த மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடம்பை வெளியிலிருந்தே பார்த்துப் பழகினால், உள்ளேயிருந்து வரும் பசியும் நிறைவும் களைப்பும் காதில் விழாமல் போகின்றன. அதைத்தான் அங்கே மெல்ல மெல்ல மீட்டார்கள். இது மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. இதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. மருத்துவரும் உணவு ஆலோசகரும் பேசிச் செய்யும் மனநல சிகிச்சையும் குடும்பமும் இருக்கும் இடத்தில் கூட ஒரு கையாக இது உதவுகிறது.

நாமே இதைச் செய்துவிடலாம் என்றும் தயவுசெய்து இறங்கிவிடாதீர்கள். பரதம் எத்தனை வருடம் ஆடியிருந்தாலும் தெரபிக்குத் தனிப் பயிற்சி வேண்டும். துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021இல் வந்தபோது, அதன் பட்டியலில் நடன, அசைவு சிகிச்சையாளரையும் சேர்த்திருக்கிறார்கள். அது தனித் தொழில்.

நம் வேலை வேறு. அளவெடுப்பதைத் தனி அறையில், அம்மாவின் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். இன்ச் கணக்கு நமக்கும் தையல்காரருக்கும் தெரிந்தால் போதும். ஒரு பிள்ளை சாப்பிடாமல் ஓயாமல் ஆடினால் பாராட்டாதீர்கள், அவள் வீட்டில் பேசுங்கள். முக்கியமாக, சிகிச்சை முடிந்து தேறி வருபவளை வாசலில் பார்த்ததும் "பூசினாப்ல இருக்கியே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாம் பாசத்தில் சொல்வது அவள் காதில் வேறாக விழும்.

என் மாணவி இப்போது சனிக்கிழமைகளில் வருகிறாள். அரங்கேற்றத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. வகுப்பறைக் கண்ணாடிக்கு ஒரு திரை போட்டிருக்கிறேன். சில நாள் அவளே போய் அதை விலக்கிவிட்டு வந்து அரைமண்டியில் நிற்கிறாள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி