சாம் குக் பாடுன அந்த ராத்திரி

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் சாம் குக்னாலே எல்லாரும் அந்த மெல்லிசான குரலைத்தான் சொல்றாங்க, ஆனா 1963 ஜனவரி 12 ராத்திரி மயாமில கறுப்பின மக்கள் வாழ்ற ஓவர்டவுன் பகுதில, ஹார்லெம் ஸ்கொயர் கிளப்ல அவர் பாடுனத ஒரு தடவ கேட்டுப் பாருங்க, தொண்ட கரகரன்னு கிழியுது, கூடவே கிங் கர்ட்டிஸ் சாக்ஸபோன், கைக்குட்டைய எடுத்து சுத்துங்கன்னு இவர் சொல்றாரு, கூட்டம் அப்படியே அலறுது, கறுப்பின மக்கள் கிளப்புகள்ல அவருக்கு எவ்ளோ மவுசுன்னு அதுலயே தெரிஞ்சுரும். ஆனா அவரோட ரெக்கார்டு கம்பெனி ஆர்சிஏ, இது ரொம்ப முரட்டுத்தனமா இருக்குன்னு அந்தப் பதிவ உள்ள வச்சுப் பூட்டிருச்சு. 1964ல நியூயார்க் கோபகபானா கிளப்ல பாடுனது மட்டும் அந்த வருஷமே ரெக்கார்டா வந்துச்சு. அதே வருஷம் டிசம்பர்ல 33 வயசுல அவர சுட்டுக் கொன்னுட்டாங்க. மயாமி பதிவு வெளிய வந்தது 1985ல. இப்பவும் எனக்கு ஆறவே மாட்டேங்குது சார்.

– ஒரு வாசகர்