தெருவோவியங்களைப் பின்தொடர ஆள் இருக்கிறது, பணம்தான் இல்லை

வணக்கம். சுவரில் ஓவியம் வரைவதற்காக நாங்கள் பணம் கேட்கவில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வரைவதற்கு ஒரு பெயிண்ட் கம்பெனியோ, ஏதாவது துறையோ, கட்டட உரிமையாளரோ எப்படியோ கிடைத்துவிடுகிறார்கள். திறந்துவைத்துக் கைதட்டவும் ஆள் உண்டு. அதற்கு அப்புறம் அந்தச் சுவர் என்ன ஆனது, வரைந்தவர் யார், அவர் இப்போது எங்கே என்ன வரைகிறார் என்று கேட்டால்தான் பதில் சொல்ல ஒருவரும் இருப்பதில்லை. அந்த வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். சுவர்களையும் ஓவியர்களையும் விடாமல் பின்தொடர்ந்து பதிவு செய்வது, அதை யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைப்பது, அவ்வளவுதான் திட்டம்.

போனை எடுத்து நாலு போட்டோ எடுத்தால் போயிற்று, இதற்கு எதற்கு நன்கொடை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். முடிந்த ஓவியத்தின் நல்ல படம் ஏற்கெனவே பல பேரிடம் இருக்கும். அதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும்தான் யாரிடமும் இருக்காது. வரையத் தொடங்கும் முன் சில ஓவியர்கள் சுவர் முழுக்க எழுத்தும் வட்டமும் கோடுமாகக் கிறுக்கிவைப்பார்கள், பார்க்கிறவர்களுக்குச் சுவரைப் பாழாக்குவதுபோல இருக்கும்; ஆனால் அதைப் படம் எடுத்து, தங்கள் ஸ்கெட்ச்சைப் போனில் அதன்மேல் பொருத்தி, எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் மூக்கு வரும், எந்த வட்டத்துக்கு மேலே கண் வரும் என்று குறித்துக்கொள்வார்கள். நாலு மாடி உயர முகம் கோணாமல் வருவது இப்படித்தான். வேறு சிலர் கட்டம் போடுவார்கள், சிலர் இரவில் புரொஜெக்டர் வைத்துக் கோடு இழுப்பார்கள். பெயிண்ட் ஏறியதும் இதெல்லாம் அடியில் போய்விடும், அன்றைக்கு அங்கே ஒருவர் நின்று எடுக்கவில்லையென்றால் கிடைக்காது.

முடிந்த பிறகோ கதை இன்னும் நீளம். வெயிலில் எல்லா நிறமும் ஒரே மாதிரி வெளிறுவதில்லை. காவி, பழுப்பு போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் நின்று பிடிக்கும், பளிச்சென்ற சில மஞ்சளும் சிவப்பும் சீக்கிரமே கைவிட்டுவிடும், மஞ்சளும் நீலமும் கலந்து போட்ட இலை ஒரு கட்டத்தில் நீலமாகவே நிற்கும். சுவரில் ஓதம் இருந்தால் உப்பு பூத்து, பெயிண்ட் கொப்பளித்துச் செதில் செதிலாக உரியும். கீழ்ப்பாதியில் போஸ்டர் ஏறும். யாரோ ஒருவர் குறுக்கே தன் பெயரை ஸ்பிரே அடிப்பார், சில சமயம் ஓவியரே திரும்ப வந்து அதற்குப் பதிலாக ஏதாவது வரைந்துவிட்டுப் போவார் (எங்களுக்கு அசலைவிட இந்தப் பதில்கள்தான் அதிகம் பிடிக்கும், அது வேறு விஷயம்). இதைப் பிடிக்க வேண்டுமானால் அதே சுவருக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், அதே இடத்தில் நின்று, மேகமூட்டமான நேரம் பார்த்து, ஓரத்தில் கலர் அட்டை வைத்து எடுக்க வேண்டும். அப்போதுதான் நிறம் மாறியது பெயிண்டிலா, கேமராவிலா என்று சொல்ல முடியும்.

நியூயார்க் சுரங்க ரயில்களின் கதை பலருக்குத் தெரியும். 1970களிலும் 80களிலும் பெட்டி முழுக்க வரைந்தார்கள், நிர்வாகம் கழுவிக்கொண்டே இருந்தது, 1989 மே மாதத்தில் வரையப்பட்ட கடைசி ரயிலும் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. அந்தப் பெட்டிகளை இன்று நாம் பார்க்க முடிகிறதென்றால், மார்த்தா கூப்பரும் ஹென்றி சால்ஃபண்டும் வருடக்கணக்கில் ரயில்களுக்காகக் காத்துக் கிடந்து எடுத்துவைத்த படங்கள் அதற்கு முக்கியமான காரணம்.

இன்னொன்றும் அதே நகரத்தில்தான். ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற பழைய ஆலைக் கட்டடத்தில் இருந்த ஓவியங்களை 2013 நவம்பரில் உரிமையாளர் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்து அழித்தார். 21 ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் நீதிமன்றம் 45 ஓவியங்களுக்காக மொத்தம் 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது, 2020இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அங்கீகரிக்கப்பட்ட மதிப்புள்ள ஓவியத்தை அழிப்பதிலிருந்து காக்கும் சட்டம் ஒன்று அமெரிக்காவில் உண்டு; அந்த வழக்கில் கேள்வி, இந்த ஓவியங்களுக்கு அப்படிப்பட்ட மதிப்பு உண்டா என்பது. அதற்கு ஓவியர்கள் முன்வைத்த முக்கியமான சான்று, ஒவ்வொருவரையும் அவர் வரைந்தவற்றையும் பற்றித் தொகுத்த கோப்புகள். எல்லா நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் கிடையாது, சரி. ஆனால் சட்டம் இருந்தும் கையில் கோப்பு இல்லாத ஓவியர் என்ன செய்வார்?

பாதுகாக்கிறோம் என்ற பெயரில் சுவரை வெட்டி எடுத்து உள்ளே கொண்டுபோய் மாட்டுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. இத்தாலியின் பொலோனியாவில் தெருவிலிருந்து பெயர்த்தெடுத்தவற்றை வைத்துக் கண்காட்சி நடத்தப் போனபோது, 2016இல் ப்ளூ என்ற ஓவியர் அந்த நகரத்தில் தான் வரைந்த எல்லாவற்றையும் ஆதரவாளர்கள் துணையோடு தானே சாம்பல் நிறப் பெயிண்ட் பூசி மறைத்துவிட்டார். அவருடைய கோபம் எங்களுக்குப் புரிகிறது. ஓவியம் தெருவிலேயே இருக்கட்டும், அழிய வேண்டிய நேரத்தில் அழியட்டும், பதிவு மட்டும் போதும்.

பணம் எதற்குப் போகும் என்றால், பெரும்பகுதி ஓவியர்களுக்கே. அவர்களை உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசச் சொல்லிவிட்டு, விளம்பரம் கிடைக்கிறதே என்று சும்மா அனுப்புவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை, பேட்டிக்கு ஊதியம் உண்டு. அப்புறம் அந்தப் பேச்சை எழுத்தாக்குபவருக்கு, படங்களை இரண்டு வேறு இடங்களில் சேமித்துவைக்கும் ஹார்டு டிஸ்குகளுக்கு, அவை பழுதாகும் முன் மாற்றுவதற்கு, போக்குவரத்துக்கு. குழுவில் யாருக்கும் சம்பளம் இல்லை. பணம் குறைந்தால் புதுச் சுவர்களைச் சேர்ப்பதை நிறுத்துவோம், ஏற்கெனவே எடுத்துக்கொண்ட சுவர்களை விடமாட்டோம்.

ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். அனுமதி வாங்காமல் வரைபவர்களும் இதில் இருக்கிறார்கள். அவர்கள் சுவரில் போடும் பெயர் மட்டுமே பதிவில் வரும், முகமும் சொந்தப் பெயரும் எங்கேயும் வராது, படத்துக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிட்டுத்தான் வெளியிடுவோம். நன்கொடை கொடுத்தவர் என்பதற்காக யாருக்கும் அந்த விவரம் கிடைக்காது. நிறுவனங்களும் கொடுக்கலாம், பெயிண்ட் கம்பெனிகள் உட்பட, ஆனால் பெயர் கணக்கு அறிக்கையில் வரும், படத்தின் மேல் லோகோவாக வராது. எந்தச் சுவரை எடுப்பது என்பதிலும் அவர்களுக்குப் பங்கு இல்லை. ஓவியத்தின் உரிமை வரைந்தவருடையது, நாங்கள் படங்களை விற்க மாட்டோம்.

முடிந்தால் மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுங்கள், ஒரேயடியாகப் பெரிதாகக் கொடுப்பதைவிட எங்களுக்கு அது உதவும், ஏனென்றால் செலவும் மாதாமாதம்தான். வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் வரும், கேள்வி இருந்தால் கேளுங்கள். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பணமாகத் தர முடியாதவர்கள் பழைய போன்களைத் தோண்டிப் பாருங்கள். பிறந்தநாள் படத்துக்குப் பின்னால், வண்டி நிறுத்திய படத்துக்குப் பின்னால் ஏதாவது ஒரு ஓவியச் சுவர் இருக்கும். வெட்டாமல், ஃபில்டர் போடாமல், எடுத்த தேதியோடு அப்படியே அனுப்புங்கள். வரைந்தவர் யாரென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தேடிப் பிடிப்பது எங்கள் வேலை.