எந்தச் சோயா சாஸ் என்று குறிப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் வெளிவரும் ஆசியச் சமையல் குறிப்புகளில் ‘சோயா சாஸ் இரண்டு தேக்கரண்டி’ என்ற வரி அடிக்கடி இடம்பெறுகிறது. எந்த வகை என்று சொல்லாததால் அந்த அளவுக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

சீனச் சமையலில் உப்புச் சுவைக்கு இளநிற சாஸும், இறைச்சியை நெடுநேரம் வேகவைக்கையில் நிறமேற்றுவதற்குச் சற்றே கெட்டியான அடர்நிற சாஸும் பயன்படுகின்றன. இந்தோனேசியாவின் கெச்சாப் மானிஸ் என்னும் இனிப்புச் சோயா சாஸில் பனைவெல்லம் கலந்திருக்கும். நாசி கோரெங் என்னும் வறுத்த சோற்றுக்குரிய நிறமும் தித்திப்பும் அதிலிருந்தே வருகின்றன. அதற்குப் பதிலாகச் சீன இளநிற சாஸை அதே அளவில் ஊற்றினால் சோறு கரிக்கும். ஜப்பானிலோ நிறத்தை நம்பவே கூடாது. தாட்சுனோ நகருக்குப் பெயர்வாங்கித் தந்த உசுகுச்சி என்னும் இளநிற சாஸ், பார்வைக்கு வெளிறியிருந்தாலும், பரவலாகப் புழங்கும் அடர்நிறக் கொய்குச்சி சாஸைவிட உப்பு மிகுந்தது. காய்கறி, மீன் ஆகியவற்றின் நிறம் கெடாதிருக்க அதை அளவாகவே சேர்ப்பார்கள்.

தயாரிப்பு முறையையும் சொல்ல வேண்டும். அவித்த சோயாவையும் வறுத்து உடைத்த கோதுமையையும் கலந்து, அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்னும் பூஞ்சையை அதில் வளரவிட்டு, உப்புநீரில் மாதக்கணக்கில் புளிக்கவைத்துப் பிழிவது ஜப்பானிய மரபு. பூஞ்சையின் நொதிகள் புரதத்தைச் சிதைக்கும்போது குளூட்டமிக் அமிலம் உருவாகிறது. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கொம்பு என்னும் கடற்பாசியில் கண்டறிந்து உமாமி என்று பெயரிட்ட சுவைக்கு மூலம் இதுவே. அந்தச் சிதைவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் உதவியால் சில நாள்களில் முடித்து, கேரமல் நிறமூட்டி விற்பதும் உண்டு. அதில் புளித்தலின் மணம் இராது என்பது ஒருபுறமிருக்க, 3-எம்சிபிடி என்னும் வேண்டாத வேதிப்பொருள் உருவாகக்கூடும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் முதலானவை அதற்கு உச்சவரம்பு விதித்துள்ளன. புட்டியின் மேலுள்ள சிறிய எழுத்துகளைப் படித்தால் இவ்விரண்டையும் பெரும்பாலும் பிரித்தறியலாம்.

ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்கும் குறைவே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியிருக்க, சோயா சாஸ் ஊற்றிய பின்னும் ‘உப்பு தேவையான அளவு’ என்று நம் குறிப்புகள் எழுதுவது வியப்பளிக்கிறது. கோதுமையின் குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை தேவை: தமாரி என்னும் ஜப்பானியச் சோயா சாஸ் வகையில் பெரும்பாலும் கோதுமை இராது, ஆனால் எல்லாத் தமாரியும் அப்படியல்ல.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்