போலி ரயில் கார்டு விளக்கு: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் ஐந்தாவது கடிதம். முந்தைய நான்குக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் பதில்.

மார்ச்சில் 14,500 ரூபாய்க்கு வாங்கினேனே, ரயில் கார்டு (guard) சிக்னல் காட்டும் அந்த மூன்று வண்ணக் கை விளக்கு பற்றித்தான். "1930களில் தென்னிந்திய ரயில்வேயில் பயன்பட்ட அசல்" என்று போட்டிருந்தீர்கள். வந்ததில் "சதர்ன் ரயில்வே, மெட்ராஸ்" என்று பொறித்திருக்கிறது. எஸ்.ஐ.ஆர். என்ற அந்தத் தென்னிந்திய ரயில்வே, எம்.எஸ்.எம். என்ற மெட்ராஸ்-தென் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் சேர்ந்து சதர்ன் ரயில்வே ஆனதே 1951 ஏப்ரல் 14-ல்தான். பழம்பொருள் விற்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

இதையும் கண்ணாடி சரியில்லை என்பதையும் போனில் சொன்னபோது உங்கள் ஊழியர் கேட்டார்: "ஷோகேஸ்ல வைக்கத்தானே சார்? உள்ள எந்தக் கண்ணாடி இருந்தா உங்களுக்கென்ன?" நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார். என் தாத்தா விழுப்புரத்தில் எஸ்.ஐ.ஆர். கார்டு. அவர் பிடித்தது போல் ஒரு விளக்குக்காகப் பதினோரு வருடமாகத் தேடுகிறேன். எனக்கென்னவாம்! மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள். அதனால் அந்தக் காலத்துப் பச்சைக் கண்ணாடி பகலில் நீலம் கலந்து தெரியும், விளக்கேற்றினால்தான் பச்சையாகும். நீங்கள் அனுப்பியது பட்டப்பகலிலேயே கிளிப்பச்சை. மூடியைத் திருகினால் வண்ணம் மாறக் கண்ணாடி சுற்ற வேண்டும், இதில் சுற்றவும் இல்லை, ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்த அழைப்பின் பதிவைத் தயவுசெய்து நீங்களே கேட்டுப் பாருங்கள்.

நேரில் கொண்டுவரச் சொன்னதும் நீங்கள்தான். லீவு போட்டு, விளக்கைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அம்பத்தூர் கிடங்குக்கு வந்தேன். ஒன்றரை மணி நேரம் வாசலில் நிற்க வைத்துவிட்டு, "ரிட்டர்ன் இங்கே எடுப்பதில்லை, ஆப்பில் போடுங்கள்" என்றார்கள். ஆப்பில் பார்த்தால் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டதாம். அந்த ஏழு நாளும் உங்கள் ஆட்களோடு போனில்தானே போனது? ஒரு நாள் சம்பளம் போனது, பஸ் செலவு போனது. இனி எந்த விளக்கைப் பார்த்தாலும் சந்தேகம்தான் வரும். பதினோரு வருட ஆசையையே பாழாக்கிவிட்டீர்கள்.

சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஆள் அனுப்பி விளக்கை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள், இதோடு விட்டுவிடுகிறேன். புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. இரண்டு மாதம் ஆகிவிட்டது. பத்து நாளில் பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நஷ்ட ஈடும் சேர்த்து வழக்குப் போடுவேன்.

அப்புறம், அந்த விளக்கு இன்னும் "1930கள்" என்றே விற்பனையில் இருக்கிறது. முதலில் அதை எடுங்கள்.

இப்படிக்கு,
விழுப்புரத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்