பதவியில் இருப்பவருக்கு அமைதி விருது வேண்டாம்: நோபல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நார்வே நோபல் குழுவின் மதிப்பிற்குரிய ஐந்து உறுப்பினர்களுக்கு,

இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து வணக்கம்.

அமெரிக்க அதிபர் டிரம்புக்கு அமைதி விருது கொடுக்க வேண்டும் என்ற கடிதங்கள் உங்கள் மேசையை நிறைத்திருக்கும். பாகிஸ்தான் அரசு, இஸ்ரேல் பிரதமர், கம்போடியப் பிரதமர் என்று ஊரறியப் பரிந்துரைத்தவர்களே பலர். 2025ஆம் ஆண்டு விருதை வென்ற வெனிசுவேலா எதிர்க்கட்சித் தலைவர் மரியா கொரினா மச்சாடோவும் அறிவிப்பு வந்த அன்றே அதைத் தம் நாட்டு மக்களோடு சேர்த்து டிரம்புக்கும் சமர்ப்பித்துவிட்டார். எங்கள் மீன் ஏலக் கூடத்தில்கூட இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. சண்டையை நிறுத்தியவருக்குக் கொடுத்தால்தான் என்ன என்று ஒரு கட்சி. கேட்டு வாங்குவதற்குப் பெயர் விருதா என்று மறு கட்சி. பரிந்துரைக்கும் தகுதி எனக்கு இல்லை. கோரிக்கை வைக்கத் தகுதி வேண்டியதில்லை என்ற துணிவில் எழுதுகிறேன்.

கோரிக்கை ஒன்றுதான். அவருக்கு மட்டுமல்ல, ஆட்சியில் அமர்ந்திருக்கும் எந்தத் தலைவருக்கும் இந்த விருதைக் கொடுக்காதீர்கள். முதலில் பதவியை விட்டு இறங்கட்டும். பிறகு ஒரு பத்து ஆண்டு போகட்டும். அவர் போட்ட கையெழுத்து அப்போதும் செல்லுபடியாகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

டிரம்ப் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் வாதாடவில்லை. 2025 அக்டோபரில் காசாவில் குண்டு மழை ஓய்ந்தபோது அங்கே உயிர் தப்பிய பிள்ளைக்கு, நிறுத்தியவர் யார் என்பது ஒரு பொருட்டா? ஆனால் அதற்கு முந்தைய மாதம் ஐ.நா. மேடையில் ஏழு போர்களை முடித்துவிட்டேன் என்று கணக்கு ஒப்பித்தவரும் அவரே. தம் நாட்டுப் பாதுகாப்புத் துறையைப் போர்த்துறை என்று அழைக்கலாம் என உத்தரவிட்டவரும் அவரே. அதே ஆண்டு ஜூன் மாதம் பாகிஸ்தானின் பரிந்துரை அறிவிப்பில் மை காயுமுன் ஈரானின் அணு நிலையங்கள்மேல் அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. மே 10ஆம் தேதி இந்திய-பாகிஸ்தான் சண்டை நிறுத்தத்தை உலகுக்கு முதலில் அறிவித்தவர் அவர். இரு இராணுவமும் நேரடியாகப் பேசி முடித்தது என்கிறது எங்கள் அரசு. இந்தக் கணக்கையெல்லாம் இன்றைக்கே சரிபார்த்துவிட முடியும் என்று நீங்கள் நம்புகிறீர்களா? கொடுத்த விருதைத் திரும்பப் பெற உங்கள் விதிகளில் இடமில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

இதைக் கேட்க இராமநாதபுரம் கடற்கரைக்கு என்ன உரிமை என்பீர்கள். தலைவர்கள் கையெழுத்திட்டுத் தந்த சுமுகத்தை ஐம்பது ஆண்டாக அனுபவித்து வருகிறவர்கள் நாங்கள். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. 1976இல் கடல் எல்லை குறித்து இன்னொரு உடன்பாடு. எங்கள் கரையில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆண்டு இருவர் பெயரையும் உங்களுக்கு யாராவது அனுப்பியிருந்தால் கோப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. துப்பாக்கி வெடிக்காமல் எல்லைத் தகராறு தீர்ந்தது, அண்டை நாடுகள் கைகுலுக்கின.

பின்னால் நடந்ததை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2002இல் இலங்கைச் சண்டை நிறுத்தத்துக்கு நடுவராக நின்றது உங்கள் நாடு. உங்கள் நாட்டுக் கண்காணிப்பாளர்கள் எதிர்க்கரையில் இருந்தார்கள். இந்தக் கடலின் பாடு ஓஸ்லோவுக்குப் புதிதல்ல. ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் எங்கள் மீனவர்கள் பெரும்பாலும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ விடுதலையாகிறார்கள். தலைவர்கள் பேசினார்கள், தூதரகம் தலையிட்டது, விமானத்தில் வந்து இறங்கினார்கள் என்று படத்தோடு செய்தி வரும். படகு வராது. எதிர்க்கரையின் மயிலிட்டித் துறைமுகத்திலோ காங்கேசன்துறையிலோ கட்டிக் கிடக்கும். 2018இல் வெளிநாட்டுப் படகுகள்மேல் இலங்கைச் சட்டம் கடுமையான பிறகு அதை மீட்பது இன்னும் பெரும்பாடு. உள்ளே தேங்கும் மழைத் தண்ணீரை இறைக்க ஆளில்லை. அடிப்பலகையில் பாசி படரும், என்ஜினுக்குள் உப்பு இறங்கும். ஒரு வாடைக் காலம் போதும், பக்கத்துப் படகோடு இடித்து இடித்துப் பலகை வாய் பிளந்துவிடும். வழக்கில் விடுவித்த படகை அழைத்துவரப் போனவர்கள், வலையும் பேட்டரியும் இல்லாத வெறும் கூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியதுண்டு.

பல லட்சம் போட்டுக் கட்டிய படகு அது. அங்கே படகு மக்க, இங்கே கடன் ஒரு பழுதும் இல்லாமல் வட்டியோடு வளர்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பதால் இனிமேல் பிடிக்கப்போகும் மீனுக்கும் அவர் வைத்ததே விலை. சொந்தப் படகு ஓட்டியவர் கூலியாளாக இன்னொருவர் படகில் ஏறுகிறார். விசாரிக்க வருகிறவர்கள், ஆள்தான் பத்திரமாக வந்துவிட்டாரே, வேறென்ன வேண்டும் என்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் அதற்கு என்ன பதில் சொல்வாள்?

எங்கள் பக்கம் குற்றமே இல்லை என்று சாதிக்கவில்லை. இங்கிருந்து போகும் இழுவை மடி, எதிர்க்கரைத் தமிழ் மீனவரின் வலையை அறுக்கிறது, அவர் கடலின் அடிமண்ணையும் வாரிக்கொண்டு வருகிறது. போர்க்காலத்தில் கடலில் இறங்க விடாமல் பெரும்பாலும் முடக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். ஒப்பந்தம் போட்ட தலைவர்களுக்கு இரு கரையும் வரைபடத்தில் ஒரு கோடு. மிச்சத்தை மீனவர்களே அடித்துக்கொண்டு தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

உங்கள் நாட்டுக்கு இது தெரியாததா? உங்கள் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் ரஷ்யாவோடு எல்லை பிரிக்க நாற்பது ஆண்டு பேசி 2010இல்தான் கையெழுத்திட்டீர்கள். அது முடியட்டும் என்று மீனவரைக் காக்க வைக்கவில்லை. பனிப்போர் காலத்திலேயே, 1970களில், கூட்டு ஆணையம் அமைத்து மீனைப் பங்கிட்டுக்கொண்டீர்கள். அந்த ஆணையத்தில் வருடா வருடம் உட்கார்ந்து பங்கு பேசிய அதிகாரிகளுக்கு அமைதி விருது கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் கேட்டும் இருக்க மாட்டார்கள்.

கேட்கிறவர்கள் வேறு. பராக் ஒபாமா கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், நீங்களாகத்தான் கொடுத்தீர்கள். பதவியேற்று ஒன்பது மாதம் ஆகவில்லை. 2009 டிசம்பர் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானுக்கு இன்னும் 30,000 படையினரை அனுப்புவதாக அறிவித்துவிட்டு, பத்து நாளுக்குள் ஓஸ்லோவுக்கு வந்து பதக்கம் வாங்கினார். அதே 2009 மே மாதம் எங்கள் எதிர்க்கரையில் நடந்ததை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2019இல் எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமதுக்குக் கொடுத்தீர்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் நாட்டின் தீக்ரே பகுதியில் போர். 1973இல் வியட்நாம் போர் நிறுத்த உடன்பாட்டுக்காக அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சருக்குக் கொடுத்தபோது உங்கள் குழுவிலேயே இருவர் விலகினார்கள். அவரோடு தேர்வான வட வியட்நாமின் லே டக் தோ மட்டும், அமைதி இன்னும் வரவில்லையே என்று விருதை மறுத்துவிட்டார். நான் கேட்பதையெல்லாம் அந்த ஒருவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

முந்தைய ஆண்டில் நன்மை செய்தவருக்கு என்றுதான் நோபல் 1895இல் உயில் எழுதினார், நாங்கள் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1981இல் பதவியிறங்கினார். அவருக்கு 2002இல், பல்லாண்டு உழைப்புக்காகக் கொடுத்தீர்களே, அப்போது உயில் எங்கே போயிருந்தது? காத்திருப்பதும் உங்களுக்குப் பழக்கமில்லாததல்ல. காந்தி விஷயத்தில் அவர் பெயர் முதலில் பரிந்துரைக்கப்பட்ட 1937இலிருந்து தாராளமாகவே காத்திருந்தீர்கள். 1948இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, உயிரோடிருப்பவர்களில் தகுதியானவர் எவருமில்லை என்று யாருக்கும் கொடுக்காமல் விட்டீர்கள்.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கான வரியை டிரம்ப் 50 விழுக்காடாக ஏற்றியதும், அமெரிக்காவை நம்பியிருந்த இறால் வியாபாரம் ஆட்டம் கண்டதைப் பற்றியும் எழுத நினைத்தேன். போர் நிறுத்தியவர் கையில் எங்கள் உலையும் நின்றது என்று ஒரு வரிகூட எழுதி அடித்துவிட்டேன். இறால் விலை உங்கள் குழுவின் வேலை அல்ல. கோபம் வழி மாற்றுகிறது, பொறுத்தருள்க.

கேட்பதை மீண்டும் பணிவாகக் கேட்கிறேன். வரும் அக்டோபரில் நீங்கள் வாசிக்கும் பெயர் எந்த அதிபருடையதாகவும் எந்தப் பிரதமருடையதாகவும் இருக்க வேண்டாம். டிரம்பின் பரிந்துரைகளைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. அவர் ஆட்சி முடிந்து பத்து ஆண்டு கழித்துக் காசாவுக்கும் காஷ்மீருக்கும் ஆள் அனுப்பி விசாரியுங்கள். அங்கிருப்பவர்கள் ஆமென்றால் தாராளமாகக் கொடுங்கள், நானும் கைதட்டுவேன். போகிற வழியில் மயிலிட்டியிலும் இறங்கிப் பார்த்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
விசைப்படகுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.