செங்கல் பொறுக்கிய பெரியவருக்கு

நேற்று மதியம் சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். நாலு மாதமாக நீலத் தார்ப்பாய்க்குள் ஒளிந்திருந்த சுவர் வெயிலில் நிற்கிறது. மாடிக்குப் போய், தையல் மெஷினைப் பழையபடி ஜன்னலோரம் போட்டு, துணியில்லாமல் சும்மா ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் தையல்கடை இருக்கும் பழைய கட்டடத்தின் சுவர் இடிந்து விழுந்த அந்த பிப்ரவரி இரவைப் பற்றி மறுபடி சொல்லப்போவதில்லை. கனடாவில் நம் வின்னிபெக் ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் அன்று தெருவில் நின்றீர்கள். மீதிப் பேருக்கு அவர்களே சொல்லியிருப்பார்கள்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மூன்று மெஷின்களையும் இருட்டில் படியிறக்கிய தம்பிகள், நனைந்த பட்டுப்புடவைகளை வீட்டில் கொடி கட்டிக் காயவைத்த அக்காமார்கள், நிலவறையைச் சும்மா தந்து நாலு மாதம் வாடகைப் பேச்சே எடுக்காத குடும்பம், ரவிக்கை எப்போது வருமென்று ஒருதரம்கூடக் கேட்காத கல்யாணப் பெண், இடிக்கத் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்த பொறியாளர், பாரம்பரியக் கட்டட அனுமதிக்கு அலைந்த கட்டட உரிமையாளர்: யார் பெயரையும் எழுதவில்லை, ஒன்று விட்டுப்போனால் அது என்னைக் கொல்லும். உங்கள் சாம்பார் வாளிகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.

இனி அந்தப் பெரியவர். அவர் இதைப் படிக்கமாட்டார், தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் நன்றி சொன்னேன், அதற்கென்ன என்று கையை உதறிவிட்டார். எனக்குத்தான் சொன்னது போதவில்லை.

மறுநாள் காலை மைனஸ் 27. இடிபாட்டை அள்ளிப்போக இரும்புத் தொட்டி வந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு வயசாளி குனிந்து, விழுந்த செங்கற்களை ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சிவப்பு பிளாஸ்டிக் சறுக்குவண்டி ஒன்றில் அடுக்கி, பின்சந்துக்கு இழுத்துப் போனார். கோட்டின் ஜிப் போய், வயிற்றில் கயிறு கட்டியிருந்தார். பழைய செங்கலுக்கு நல்ல விலை உண்டு. திருடுகிறார் என்றே நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் கேட்டும்விட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவருக்குக் கோபம் வரவில்லை. ஒரு செங்கல்லை என் கையில் வைத்தார். வெளிர் மஞ்சள். இந்த ஊர்க் களிமண்ணைச் சுட்டால் வருகிற நிறம். பெயிண்ட் படிந்த முகத்தைத் திருப்பிக் காட்டினார். கறுப்பில் ஒரு வளைவு. எங்கள் சுவரில் மங்கிப்போன அந்தப் பழைய மாவு விளம்பரத்தில் எஸ் எழுத்தின் வயிறு அது! ஆறு வருஷமாக அதன் கீழேதான் நடந்து போகிறேன், ஒருநாளும் நிமிர்ந்து படித்ததில்லை. பெயிண்ட் பட்ட கற்களை மட்டும் தனியே வைத்து, பின்புறம் சாக்கட்டியால் எண் போட்டிருந்தார். முந்தாநாள் வரை அந்த எழுத்து எப்படி இருந்தது என்று அவருக்கு மனப்பாடம். நாற்பது வருஷம் செங்கல் கட்டியவர், இப்போது ஓய்வு. பேருந்தில் போகும்போது தொட்டியைப் பார்த்து இறங்கிவிட்டாராம்.

அப்புறம் சின்னச் சுத்தியலால் கல்லின் விளிம்பில் தட்டினார். காரை பொலபொலவென்று உதிர்ந்தது. சுண்ணாம்பு. கல்லை விட்டு மனமுவந்து கழன்றுவிடும். எப்போதோ யாரோ சிமெண்ட் வைத்துப் பூசிய இடத்துக் கற்களையும் தட்டிக் காட்டினார். சிமெண்ட் அப்படியே இருந்தது, கல்தான் இரண்டாகப் பிளந்தது. பழைய செங்கல் மெத்தென்றது, தண்ணீர் குடிக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே நின்ற தண்ணீர் குளிரில் உறைந்து வீங்கி, கல்லின் முகத்தைப் பெயர்த்துத் தள்ளிவிடும். எங்கப்பா விருதுநகர்ப் பக்கம் கொத்தனார். சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி அரைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் குளிரில், காதுமடல் மரத்துப்போன நேரத்தில், எனக்கு அப்பா வாடை அடித்தது.

மூன்று நாள் வந்தார். நானும் கூட உட்கார்ந்து தட்டினேன். மொத்தம் 612 கல் தேறியது. இப்போது செய்கிற செங்கல் அளவே வேறு. இவை தொட்டியோடு போயிருந்தால் எங்கள் சுவருக்கு ஒட்டுத்துணிதான்.

தட்டிக்கொண்டே கதை சொல்வார். "நன்றி சொல்வதானால் பனாமா கால்வாய்க்குச் சொல்லு" என்றார். முதலில் விளங்கவில்லை. ரயில் வந்தபின், மேற்கே போகிற சரக்கெல்லாம் இந்த ஊரில் இறங்கித்தான் போக வேண்டும். கோதுமை வியாபாரமும் இங்கேதான். அந்தத் தானியச் சந்தையால் வந்த பெயர்தானே எங்கள் பேட்டைக்கு, எக்ஸ்சேஞ்ச் டிஸ்ட்ரிக்ட் என்று. கிடங்குமேல் கிடங்காகக் கட்டித் தள்ளினார்கள். 1914இல் கால்வாய் திறந்தது, சரக்கு கப்பலேறிச் சுற்றிப் போக ஆரம்பித்தது, ஊரின் வேகம் அடங்கிவிட்டது. இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லாததால் இருபது தெருக்கட்டங்களுக்குள் சுமார் நூற்றைம்பது பழைய கட்டடங்கள் தப்பித்தன. காசு வந்தபோது என்ன நடந்தது என்பதையும் சொன்னார். 1886இல் கட்டிய கோபுர நகர மண்டபத்தை 1962இல் இடித்தார்கள், அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன். ஈட்டன்ஸ் என்ற பெரிய பல்பொருள் கடையின் செங்கல் கட்டடம் இருந்த இடத்தில் இன்று ஹாக்கி அரங்கம். நான் ஜெர்சிக்கு எண் தைத்துப் பிழைக்கிறவள். அரங்கத்தைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

உறைபனியில் சுண்ணாம்புக் கலவை பிடிக்காது, அதனால் மே வரை காத்திருந்தோம். கட்ட வந்த இளம் கொத்தனார்களிடம் பெரியவரின் எண்களைக் கொடுத்தேன். சிரிப்பார்கள் என்று பயந்தேன், சிரிக்கவில்லை. தரையில் பரப்பி, எண் பார்த்து, ஒவ்வொன்றாக ஏற்றினார்கள்.

பெரியவரின் கோட்டுக்குப் பித்தளை ஜிப் வைத்தாயிற்று. இனி அவர் உயிரோடு இருக்கிற வரைக்கும் அந்தக் கோட்டின் பொத்தானும் உள்துணியும் என் பொறுப்பு. இதை இங்கே நாலுபேர் அறிய எழுதிவைக்கிறேன், பிறகு நான் மறுக்க முடியாது. பழைய கட்டடங்களில் இருக்கும் நம் ஆட்கள், யாராவது சிமெண்ட் மூட்டையோடு ஏணி வைத்தால் எனக்கு ஒரு போன் அடியுங்கள், நான் அவரிடம் சொல்கிறேன்.

எஸ் எழுத்து முழுசாக வரவில்லை. நடுவில் மூன்று கல் இல்லை, வெறும் கல்தான் வைத்திருக்கிறது. பெயிண்டர் ஒருவர் நிரப்பித் தருகிறேன் என்றார், வேண்டாமென்றுவிட்டேன். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் நடுவில் மிதிபட்ட பாம்பு மாதிரி இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் பெரியவர் வந்தார். தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். அழுதுவிடுவாரோ என்று நினைத்தேன்.

"மேலேயிருந்து மூன்றாவது வரி கொஞ்சம் கோணல்" என்றார். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்.